குஷிங்ஸ் நோய் உள்ள நாய்க்குச் சிகிச்சை: முதல் அளவெடுப்பிலிருந்து மூன்று மாதப் பரிசோதனை வரை

நாய்க்குக் குஷிங்ஸ் நோய் என்று தெரிந்த அன்றே மருந்தை வாங்கி, அன்றிரவே முதல் கேப்சூலைக் கொடுத்துவிடுகிறவர்களே பிறகு அதிகம் தடுமாறுகிறார்கள் என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். இந்த நோயில் அட்ரீனல் சுரப்பிகள் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைத் தேவைக்கு மேல் சுரக்கின்றன. மருந்து அந்தச் சுரப்பைக் குறைக்கிறது. ஆனால் கார்ட்டிசால் அறவே இல்லாமல் நாயால் உயிர் வாழ முடியாது என்பதால், மிகுதிக்கும் குறைவுக்கும் நடுவே உள்ள ஒரு குறுகிய எல்லைக்குள் நாயை வைத்திருப்பதுதான் சிகிச்சை. அந்த எல்லையை மருத்துவர் சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தத்தில் பார்க்கிறார்; மற்ற நாட்களில் பார்க்க வேண்டியவர் வீட்டில் சோறு வைப்பவர்.

எங்கள் வீட்டு டாக்ஸ்ஹண்ட் பெண் நாய்க்கு 9 வயதில் இந்த நோய் உறுதியானது. அதன் பிறகு 4 ஆண்டுகள் அவளுக்கு மருந்து கொடுத்தோம். கீழே உள்ள வரிசை அந்த ஆண்டுகளிலிருந்தும், பிறகு எங்களிடம் விசாரித்து வந்தவர்கள் எங்கே இடறினார்கள் என்பதிலிருந்தும் வந்தது. மருந்தின் அளவு பற்றி இங்கே வரும் எண்கள், மருத்துவர் சொல்வதைப் புரிந்துகொண்டு கேள்வி கேட்பதற்காக மட்டுமே. நீங்களாக அளவை முடிவுசெய்வதற்காக அல்ல.

1. ஒரு வாரம் தண்ணீரை அளந்து எழுதுங்கள்

மற்ற எதையும் தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. காலை 7 மணிக்கு ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, நாள் முழுவதும் அந்தப் பாட்டிலிலிருந்து மட்டுமே நாயின் கிண்ணத்தை நிரப்புங்கள்; பாட்டில் தீர்ந்து மீண்டும் நிரப்பினால் அதையும் குறியுங்கள். மறுநாள் காலை 7 மணிக்குக் கிண்ணத்தில் மிஞ்சியதையும் பாட்டிலில் மிஞ்சியதையும் அளந்து, கொடுத்ததிலிருந்து கழித்தால் குடித்த அளவு கிடைக்கும். அதை நாயின் எடையால் வகுத்து எழுதுங்கள். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் 100 மி.லி.க்கு மேல் போனால் அது மிகுதி.

எங்கள் நாயின் எடை 9.2 கிலோ, முதல் வாரத்தில் அவள் குடித்தது நாளொன்றுக்குச் சராசரியாக 1,150 மி.லி., அதாவது கிலோவுக்கு 125 மி.லி. சிகிச்சை தொடங்கிய பிறகு ஒவ்வொரு முடிவையும் எடுக்க எங்களுக்கு உதவியது இந்த ஒற்றை எண்தான். "முன்னைவிடக் குறைவாகக் குடிக்கிறாள் என்று நினைக்கிறேன்" என்று மருத்துவரிடம் சொல்வதற்கும் "125 ஆக இருந்தது, இப்போது 70" என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாடு, மருந்தின் அளவைக் கூட்டுவதா வேண்டாமா என்ற முடிவையே மாற்றிவிடும்.

இங்கே மூன்று பிழைகள் வழக்கமாக நடக்கின்றன. கிண்ணம் கவிழ்ந்த நாளையும் கணக்கில் சேர்ப்பது ஒன்று. அந்த நாளை விட்டுவிடுங்கள். குளியலறை வாளி, செடித் தொட்டித் தட்டு ஆகியவற்றில் நாய் குடிப்பதை மறப்பது இரண்டாவது. தயிர்சாதத்துக்கும் கஞ்சிக்கும் மாறிய நாளில், தட்டில் சேர்ந்த நீரை எண்ணாமல் விடுவது மூன்றாவது. வீட்டில் இரண்டு நாய்கள் இருந்தால் இரண்டையும் சேர்த்து அளந்து பயனில்லை. அந்த ஒரு வாரம் மட்டும் தனித்தனி அறையில் தண்ணீர் வையுங்கள். சித்திரை வெயிலில் எல்லா நாய்களுமே கூடுதலாகக் குடிக்கும் என்பதால், அளந்த வாரம் கோடையா மழைக்காலமா என்பதையும் பக்கத்தில் குறியுங்கள்.

அதே குறிப்பேட்டில் எடையையும், நாய் அயர்ந்து தூங்கும்போது ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மூச்சு விடுகிறது என்பதையும், இரவில் எத்தனை முறை சிறுநீருக்கு எழுப்புகிறது என்பதையும் எழுதுங்கள். நிற்கும் நிலையில் பக்கவாட்டிலிருந்து ஒரு படமும் மேலிருந்து ஒரு படமும் எடுத்து வையுங்கள். தொங்கிய வயிறும் மெலிந்த தொடையும் உதிர்ந்த முடியும் மாறும் வேகம் மிக மெதுவானது. தினமும் பார்க்கும் கண்ணுக்கு அது தெரியாது, படத்துக்குத் தெரியும்.

2. உடலில் சேர்ந்த ஸ்டீராய்டு அனைத்தையும் பட்டியலிடுங்கள்

குஷிங்ஸ் மூன்று வழிகளில் வருகிறது. பெரும்பாலான நாய்களில், ஏறத்தாழ 80 முதல் 85 சதவீதத்தில், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் தோன்றும் சிறு கட்டி அட்ரீனலை ஓயாமல் தூண்டுகிறது. ஏனையவற்றில் அட்ரீனலிலேயே கட்டி இருக்கும். மூன்றாவது, கார்ட்டிசாலைப் போலவே வேலை செய்யும் மருந்தான ஸ்டீராய்டை நாம் கொடுத்ததால் வருவது.

இந்த மூன்றாவது வகைக்குச் சிகிச்சை முற்றிலும் வேறு. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்ததால் அந்த நாயின் அட்ரீனல் சுருங்கி, சொந்தமாகச் சுரப்பதையே நிறுத்தியிருக்கும். அதற்குக் கார்ட்டிசாலைக் குறைக்கும் மருந்து கொடுப்பது ஆபத்தில் முடியும். செய்ய வேண்டியது, ஸ்டீராய்டைப் பல வாரங்களில் படிப்படியாகக் குறைப்பதுதான். ஒரேயடியாக நிறுத்தவும் கூடாது.

ஆகவே கடந்த ஓராண்டில் கொடுத்த அரிப்பு மாத்திரை, போட்ட ஊசி, காதுச் சொட்டு, கண் சொட்டு, தோல் களிம்பு அனைத்தின் பெயரையும் எழுதுங்கள். பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் போன்ற பெயர்கள் உறையின் பின்புறத்தில்தான் இருக்கும். வீட்டுப் பெரியவர் கையில் தடவிக்கொள்ளும் தோல் களிம்பை நாய் நாள்தோறும் நக்குவதும் இந்தப் பட்டியலில் சேரும். இதைக் கேட்டதும் திடுக்கிட்டு வீட்டுக்குத் திரும்பிச் சென்று பார்த்தவர்கள் உண்டு.

3. நோயை உறுதிசெய்யும் சோதனைகளின் வரிசை

சாதாரண ரத்தப் பரிசோதனையில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியின் அளவு மிக உயர்ந்திருப்பதைக் கண்டு, அதை வைத்தே குஷிங்ஸ் என்று முடிவுகட்டுவது தவறு. ஈரல், பித்தப்பைக் கோளாறுகளிலும் வேறு சில மருந்துகளாலும் அது உயரும். அந்த உயர்வும் நீர்த்த சிறுநீரும் உயர்ந்த கொழுப்பும் சந்தேகத்தை வலுப்படுத்துகின்றன, அவ்வளவே. ஹார்மோன் சோதனை இல்லாமல் மருந்து தொடங்கக் கூடாது.

வழக்கமாகச் செய்யப்படுவது குறைந்த அளவு டெக்சாமெத்தசோன் அடக்கல் சோதனை. காலையில் ஒரு ரத்த மாதிரி, பிறகு ஊசி, பிறகு 4 மணி நேரத்திலும் 8 மணி நேரத்திலும் மாதிரிகள். நலமான நாயில் ஊசிக்குப் பின் கார்ட்டிசால் இறங்கிவிடும். குஷிங்ஸ் நாயில் 8-வது மணியில் இறங்காமல் இருக்கும். முழு நாளும் ஆகும் என்பதால் விடுப்பு எடுத்துக்கொண்டு செல்லுங்கள். மற்றொன்று ஏ.சி.டி.எச். (அட்ரீனலைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்) தூண்டல் சோதனை, ஊசிக்கு முன்னும் ஒரு மணி நேரம் கழித்தும் மாதிரி எடுப்பார்கள். ஸ்டீராய்டால் வந்த குஷிங்ஸைப் பிரித்துக் காட்டுவது இந்தச் சோதனைதான்.

நாய்க்குக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ பல் சீழோ இருக்கும் வாரத்தில் இவற்றைச் செய்யாதீர்கள். எந்த நோயும் பதற்றமும் கார்ட்டிசாலை உயர்த்தும் என்பதால் முடிவு பொய்யாக வரும். முதலில் அந்த நோய் தீரட்டும். மருத்துவமனை வாசலிலேயே நடுங்கும் நாயாக இருந்தால், வீட்டில் விடியற்காலையில் பிடித்த சிறுநீரில் கார்ட்டிசாலுக்கும், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கும் சோதனையைப் பற்றிக் கேளுங்கள். அது இயல்பாக இருந்தால் குஷிங்ஸ் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

அடுத்து வயிற்று அல்ட்ராசவுண்ட். இரண்டு அட்ரீனல்களும் ஒத்த அளவில் பருத்திருந்தால் பிட்யூட்டரி வகை. ஒன்று பெருத்து மற்றொன்று சிறுத்திருந்தால் அட்ரீனல் கட்டி. ஸ்கேன் செய்யும்போது பித்தப்பையையும் பார்க்கச் சொல்லுங்கள்; இந்த நோயுள்ள நாய்களில் பித்தப்பை சளிபோன்ற பொருளால் அடைபடும் ஆபத்து அதிகம்.

சோதனையில் நோய் தெரிந்தும் நாய்க்கு எந்தத் தொந்தரவும் இல்லையென்றால், மருந்து தொடங்காமல் கவனித்துவருவதே நல்லது என்று மருத்துவர் சொல்லக்கூடும். அது அலட்சியம் ஆகாது. மருந்து கொடுப்பது அறிகுறிகளைக் குறைக்கத்தான்; குறைக்க அறிகுறியே இல்லாதபோது மருந்தின் ஆபத்து மட்டுமே மிஞ்சும்.

4. மருந்துக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

சிறுநீரகம், ஈரல், சோடியம், பொட்டாசியம், ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம் ஆகியவற்றின் தொடக்க அளவுகள் காகிதத்தில் இருக்க வேண்டும். பின்னால் ஏதேனும் ஏறினாலோ இறங்கினாலோ, அது மருந்தால் வந்ததா முன்பே இருந்ததா என்று சொல்ல வேறு வழியில்லை.

நாய் சாப்பிடும் மற்ற மருந்துகளை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இதய நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் தரும் எனலாப்ரில், பெனாசெப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்றவை பொட்டாசியத்தை உயர்த்தக்கூடியவை. குஷிங்ஸ் மருந்தான ட்ரைலோஸ்டேனும் அதையே செய்யலாம். இரண்டும் சேரும்போது அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும்.

ட்ரைலோஸ்டேன் தெருமுனை மருந்துக்கடையில் கேட்டவுடன் கிடைக்கும் பொருள் இல்லை. எங்கிருந்து வாங்குவது, ஆர்டர் செய்தால் எத்தனை நாளில் வரும், எப்போதும் ஒரு மாத இருப்பு வைக்க முடியுமா என்பவற்றை முதல் கேப்சூலுக்கு முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள். தனியாகக் கலந்து தயாரித்துத் தரும் மருந்தானால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வாங்குங்கள். இடம் மாறினால் உண்மையான மருந்தளவும் மாறக்கூடும். மாற்றியே தீர வேண்டியிருந்தால் மறுபரிசோதனைக்கு நாள் குறித்துக்கொண்டு மாற்றுங்கள்.

அவசரத்துக்காகச் சில பிரெட்னிசோலோன் மாத்திரைகளையும், உங்கள் நாயின் எடைக்கு எத்தனை மி.கி. என்று மருத்துவர் கைப்பட எழுதிய சீட்டையும் கேட்டு வாங்கி வையுங்கள். இரவு 11 மணிக்குத் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்பதைப் பகலிலேயே ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து வாருங்கள். வரைபடத்தில் 24 மணி நேரம் என்று போட்டிருக்கும் இடங்கள் எல்லாம் அப்படி இயங்குவதில்லை.

கர்ப்பிணிகளும் கருத்தரிக்க முயல்பவர்களும் இந்தக் கேப்சூலைத் தொடக் கூடாது. மற்றவர்களும் தொட்ட பின் கை கழுவ வேண்டும்.

5. கேப்சூலைக் கொடுக்கும் முறை

ட்ரைலோஸ்டேன் உணவோடு சேர்ந்தால்தான் குடலில் சரியாக உறிஞ்சப்படும். வெறும் வயிற்றில் கொடுத்தால் கொடுத்ததில் ஒரு பகுதி வீணாகும்; அடுத்த சோதனையில் அளவு போதவில்லை என்று தெரிந்து கூட்டுவார்கள், பிறகு ஒருநாள் நன்றாகச் சாப்பிட்ட வயிற்றில் அதே அளவு மிகையாகிவிடும்.

வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் சோற்றில் பாதியை வையுங்கள். நாய் விருப்பத்தோடு சாப்பிடுகிறதா என்று நின்று பாருங்கள். சாப்பிட்டால் ஒரு சிறு கோழித்துண்டிலோ இட்லித்துண்டிலோ கேப்சூலைப் பொதிந்து கொடுங்கள். விழுங்கியது தெரிந்த பின் மீதிப் பாதியை வையுங்கள். முழுச் சோற்றிலும் மருந்தைக் கலந்து வைத்துவிட்டுப் போனால், நாய் பாதியில் விட்ட நாளில் மருந்து உள்ளே போனதா இல்லையா என்பது எவருக்கும் தெரியாது.

கேப்சூலைத் திறந்து பொடியைப் பிரிக்காதீர்கள். வெட்டோரில் என்ற பெயரில் வரும் மருந்து 5, 10, 30, 60, 120 மி.கி. அளவுகளில் தயாராகிறது, 60 வாங்கிப் பாதியாக்கினால் செலவு குறையும் என்ற எண்ணம் பலருக்கு வருகிறது, ஆனால் கண்ணளவில் பிரித்த பொடியில் ஒரு நாள் 20-ம் மறுநாள் 40-ம் போகும்.

தயாரிப்பாளர் குறிப்பில் தொடக்க அளவு ஒரு கிலோ எடைக்கு 2.2 முதல் 6.7 மி.கி. வரை, ஒரு நாளைக்கு ஒருமுறை என்று இருக்கிறது. ஆயினும் கிலோவுக்கு 1 மி.கி. அல்லது அதற்கும் குறைவாக, நாளைக்கு இருமுறை என்று தொடங்கும் மருத்துவர்கள் இன்று பலர். மருந்தின் வேலை பல நாய்களில் 24 மணி நேரம் நீடிப்பதில்லை என்பதும், குறைவாகத் தொடங்கினால் விபரீதம் குறைவு என்பதும் அதற்குக் காரணங்கள். எங்கள் நாய்க்கு 10 மி.கி. கேப்சூல் காலையும் மாலையும் என்றுதான் தொடங்கினோம்.

ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளையில் இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். கேப்சூல் விழுங்கியபின் வாந்தி எடுத்தால் மீண்டும் ஒன்று கொடுக்காதீர்கள். அந்த வேளை போகட்டும், வாந்தி ஏன் என்று பாருங்கள்.

6. முதல் 30 நாட்கள்

தண்ணீரும் பசியும் முதலில் குறையும். பல நாய்களில் ஓரிரு வாரங்களிலேயே தெரியும். வயிறும் தசையும் திரும்பச் சில மாதங்கள் ஆகும். முடிக்கு மூன்றிலிருந்து ஆறு மாதங்கள் வரை பொறுத்திருக்க வேண்டும். நடுவே பழைய முடி கொத்தாக உதிர்ந்து, நாய் முன்னைவிட மோசமாகத் தெரியும் ஒரு காலமும் வரக்கூடும். அதைக் கண்டு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள்.

இந்த மாதத்தில் நான் அதிகம் பார்த்த பிழை அவசரம். பத்தாம் நாளில் தண்ணீர் இன்னும் குறையவில்லை என்று அளவைக் கூட்டச் சொல்லி மருத்துவரை நெருக்குகிறார்கள். அதே அளவு மருந்திலேயே கார்ட்டிசால் முதல் மாதம் முழுவதும் இறங்கிக்கொண்டே போகக்கூடும். பத்தாம் நாளில் கூட்டினால், முப்பதாம் நாளில் இரண்டு இறக்கமும் ஒன்றுசேர்ந்து நாயைத் தரையில் தள்ளிவிடும். இரண்டாம் வாரத்தில் செய்யும் சோதனை, அளவு மிகையாகிவிட்டதா என்று பார்க்க மட்டுமே.

பசியைப் படிக்கப் பழகுங்கள். எங்கள் நாய் முன்பெல்லாம் குக்கர் விசில் கேட்டதும் சமையலறை வாசலில் நின்று குரைப்பாள், கிண்ணம் தரையைத் தொடும் முன்பே வாயை வைப்பாள், தின்று முடித்ததும் கிண்ணத்தைச் சுவர்வரை தள்ளிக்கொண்டே நக்குவாள். மருந்து தொடங்கிய 16-ம் நாள், கிண்ணம் வைத்ததும் ஒருமுறை முகர்ந்து, நிதானமாகத் தின்று முடித்துவிட்டு, கிண்ணத்தை இடத்திலேயே விட்டு நடந்துபோனாள். அது நலமான பசி. வைத்த சோற்றை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வது, முன்பு பாய்ந்து தின்ற பண்டத்தை வாயில் வாங்கிக் கீழே போடுவது ஆகியவை வேறு. அவை அடுத்த பகுதிக்கு உரியவை.

7. மருந்தை நிறுத்த வேண்டிய நேரம்

இந்தப் பகுதியை வீட்டில் உள்ள அனைவரும் படிக்க வேண்டும். கார்ட்டிசால் அளவுக்கு மேல் குறைந்துவிட்டால் வரும் அறிகுறிகள்: சோற்றை மறுப்பது, வாந்தி, வயிற்றுப்போக்கு, நடுக்கம், துவண்டு படுத்துக்கொள்வது, எழ முடியாமல் போவது. சோடியம் இறங்கிப் பொட்டாசியம் ஏறும்போது இதயத் துடிப்பு மெதுவாகி, உயிருக்கே ஆபத்து வரலாம்.

சாப்பிடாத நாய்க்குக் கேப்சூல் கொடுக்காதீர்கள். இதைவிட முக்கியமான விதி இந்த வழிகாட்டியில் வேறு இல்லை. காரணம் எதுவென்று தெரியாவிட்டாலும், அது வெறும் அஜீரணமாக இருந்தாலும், இந்த விதி மாறாது. ஒரு வேளை அல்லது ஒரு நாள் மருந்து விட்டால் நாய் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும், அவ்வளவுதான். கார்ட்டிசால் தாழ்ந்து கிடக்கும் நாய்க்கு மேலும் ஒரு கேப்சூல் கொடுத்தால் அதைத் திரும்ப எடுக்க முடியாது.

எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில், 11 வயது லாப்ரடார் இரண்டு நாட்களாகச் சாப்பிடாமல் படுத்திருந்தது. மருந்தை மட்டும் விடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், அவர்கள் தொண்டைக்குள் தள்ளி வேளை தவறாமல் கொடுத்துவந்தார்கள். மூன்றாம் நாள் அதைப் போர்வையில் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. மூன்று நாள் சலைன் ஏற்றிப் பிழைத்தது. அவர்கள் கவனக்குறைவானவர்கள் இல்லை. மருந்தை நிறுத்தலாம் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

செய்ய வேண்டிய வரிசை இது. முதலில் கேப்சூலை நிறுத்துங்கள். மருத்துவரை அழையுங்கள். வாந்தி ஒரு முறைக்கு மேல் வந்தாலோ நாய் துவண்டாலோ உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். புறப்படும் முன், எழுதி வாங்கியிருக்கும் அளவில் பிரெட்னிசோலோன் கொடுக்கலாமா என்று தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே சென்றதும் முதலில் சொல்ல வேண்டிய வாக்கியம், "ட்ரைலோஸ்டேன் சாப்பிடும் நாய், சோடியமும் பொட்டாசியமும் பாருங்கள்" என்பது. சாதாரண வாந்தி என்று எண்ணி ஊசி போட்டு அனுப்பிவிடாமல் தடுப்பது அந்த வாக்கியம்தான். மீண்டும் எப்போது, எந்த அளவில் தொடங்குவது என்பதைச் சோதனைக்குப் பிறகு மருத்துவர் சொல்லட்டும். பெரும்பாலும் முன்னைவிடக் குறைந்த அளவில்தான் தொடங்குவார்கள்.

திடீரென்று மூச்சுத் திணறினால் காரணம் வேறாக இருக்கலாம். இந்த நோயில் ரத்தம் உறைந்து நுரையீரலில் அடைக்கும் ஆபத்து உண்டு. அதற்கும் காத்திருக்க நேரம் இல்லை.

8. மறுபரிசோதனைகள்: நாளும் நேரமும்

தொடங்கியபின் 10 முதல் 14 நாட்களுக்குள் முதல் சோதனை. பிறகு 4-ம் வாரம், 12-ம் வாரம். அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அளவை மாற்றினால் கணக்கு மீண்டும் 10–14 நாளிலிருந்து தொடங்கும்.

ஏ.சி.டி.எச். தூண்டல் சோதனையைக் கேப்சூல் கொடுத்த 4 முதல் 6 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும், ஏனென்றால் மருந்து எவ்வளவு ஆழமாக அழுத்துகிறது என்பது அப்போதுதான் தெரியும். அன்று காலையும் வழக்கம்போல் சோறும் கேப்சூலும் கொடுத்தே அழைத்துச் செல்லுங்கள். ரத்தப் பரிசோதனை என்றாலே வெறும் வயிறு என்று நம் மனத்தில் பதிந்திருக்கிறது. நாங்களும் முதல் முறை அவளைப் பட்டினியாகக் கொண்டுபோய், சோறில்லாததால் மருந்தும் கொடுக்காமல், முழுக் கட்டணம் செலுத்தி, ஒன்றுக்கும் உதவாத ஒரு முடிவோடு திரும்பினோம். குறிப்பேட்டில் கேப்சூல் கொடுத்த மணியை எழுதி, லேப் படிவத்திலும் எழுதச் சொல்லுங்கள்.

ஊசிக்குப் பின் எடுத்த மாதிரியில் கார்ட்டிசால் டெசிலிட்டருக்கு 1.45 முதல் 5.4 மைக்ரோகிராம் வரை இருப்பது விரும்பத்தக்க நிலை. 9.1 வரை இருந்தும் நாயின் தொந்தரவுகள் அடங்கியிருந்தால் அதே அளவைத் தொடரலாம். 1.45-க்குக் கீழே போனால் நாய் ஓடியாடிக்கொண்டிருந்தாலும் மருந்தை நிறுத்திவைப்பார்கள். சில லேப்கள் நானோமோல் கணக்கில் தரும். அந்த எண்ணை 27.6-ஆல் வகுத்தால் மைக்ரோகிராம் கணக்கு வரும். 140 என்ற எண்ணைப் பார்த்து இரவு முழுவதும் தூங்காத ஒருவருக்கு, அது 5 மைக்ரோகிராம்தான் என்று விளக்க வேண்டியிருந்தது.

தூண்டல் ஊசி விலை கூடியது, எல்லா நேரமும் கிடைப்பதும் இல்லை. அப்படியான இடங்களில், அடுத்த கேப்சூலுக்குச் சற்று முன்பு ஒரே ஒரு மாதிரி எடுத்துக் கார்ட்டிசால் பார்க்கும் முறையை மருத்துவர்கள் கையாள்கிறார்கள், அதில் 1.4 முதல் 5 வரை நல்ல நிலை. நாய் பதறினால் அந்த எண் உயர்ந்துவிடும் என்பதால், படபடப்பான நாய்க்கு இது பொருந்தாது.

எந்த முறையானாலும் சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின் ஆகியவற்றையும் உடன் பாருங்கள். சோதனைக்கு முந்தைய மூன்று நாட்கள் தண்ணீரை மீண்டும் அளந்து கொண்டுபோங்கள். எண்ணும் நாயும் முரண்பட்டால், நேரமும் சோறும் சரியாக இருந்தனவா என்று முதலில் பார்க்க வேண்டும். அதன் பிறகே அளவைப் பற்றிய பேச்சு.

9. அடங்கியிருந்த நோய்கள் வெளிவரும்போது

மிகுதியான கார்ட்டிசால் இத்தனை நாளும் மூட்டு வலியையும் தோல் அரிப்பையும் அடக்கி வைத்திருக்கும். அது இறங்கியதும் நாய் நொண்டலாம், சொறியலாம். மருந்தின் பக்கவிளைவு என்று நினைத்துக் குஷிங்ஸ் மருந்தை நிறுத்தாதீர்கள். அரிப்புக்குப் பழைய ஸ்டீராய்டு மாத்திரையை எடுத்துக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். இரண்டுக்கும் வேறு மருந்துகள் உண்டு.

நீரிழிவும் சேர்ந்திருக்கும் நாய்க்கு மிகுந்த கவனம் தேவை. கார்ட்டிசால் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுத்துக்கொண்டிருக்கும். அந்தத் தடை நீங்கியதும் பழைய இன்சுலின் அளவே மிகையாகி, சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். முதல் வாரங்களில் சர்க்கரையை எத்தனை முறை பார்ப்பது என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

சிறுநீர்த் தொற்று இந்த நாய்களில் எரிச்சலோ முக்கலோ இல்லாமலேயே இருக்கும் என்பதால், அவ்வப்போது சிறுநீர் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) செய்வது நல்லது.

10. தண்ணீர், சோறு, தரை

வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கிறது என்று தண்ணீர்க் கிண்ணத்தை இரவில் எடுத்து வைக்காதீர்கள். சிறுநீர் மிகுதியாகப் போவதால்தான் நாய் குடிக்கிறது. நீரை நிறுத்தினால் உடல் வற்றும். சோற்றில் எண்ணெயும் நெய்யும் குறைவாக, புரதம் தரமாக இருக்கட்டும். வறுத்த தீனியும் பிரியாணி எலும்பும் வேண்டாம். வழுக்கும் மொசைக் தரையில் மெலிந்த தொடைகள் அகன்று சரியும். நாய் நடக்கும் வழியில் பழைய சாக்கையோ ரப்பர் பாயையோ விரியுங்கள். நடையை வெயிலுக்கு முன், 6 மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

தூக்கத்துக்காக விற்கும் மெலட்டோனின் மாத்திரை போன்றவற்றைக் குஷிங்ஸ் மருந்துக்கு மாற்றாகப் பலர் சொல்வார்கள். உறுதியான குஷிங்ஸ் நோயில் அவை ட்ரைலோஸ்டேனின் வேலையைச் செய்வதாகச் சான்று இல்லை. மனிதர்களுக்கான அத்தகைய மாத்திரைகள் சிலவற்றில் இனிப்புக்காகச் சேர்க்கும் சைலிட்டால் நாய்க்கு நஞ்சு.

11. கேப்சூல் மட்டும் போதாத நிலைகள்

அட்ரீனல் கட்டி ஒரு பக்கத்தில் மட்டும் இருந்து, பரவாமல் இருந்தால், அறுவை சிகிச்சையால் நோயையே நீக்க வாய்ப்புண்டு. ஆனால் பக்கத்தில் ஓடும் பெரிய ரத்தக்குழாய்க்குள் கட்டி நுழையக்கூடும் என்பதால், முன்னதாக சி.டி. ஸ்கேனும் அனுபவமுள்ள அறுவைக் குழுவும் தேவை. ட்ரைலோஸ்டேன் கிடைக்காத இடங்களில் மைட்டோட்டேன் என்ற பழைய மருந்தும் உண்டு. அது சுரப்பியின் செல்களையே அழிப்பதால், தொடக்க நாட்களில் நாயை விட்டு அகலாமல் பார்க்க வேண்டும்.

பிட்யூட்டரி கட்டி சில நாய்களில் மெல்ல வளர்ந்து மூளையை அழுத்தும். மூலையில் தலையை முட்டி நிற்பது, காரணமின்றிச் சுற்றிச் சுற்றி நடப்பது, பழகிய ஆளைத் தெரியாமல் விழிப்பது, வலிப்பு ஆகியவை அதன் அடையாளங்கள். சாப்பிடாமல் போவதும் அதில் உண்டு என்பதால், கார்ட்டிசால் குறைவோடு இதைக் குழப்பிக்கொள்ள நேரும். அப்போதும் வரிசை அதேதான்: கேப்சூலை நிறுத்தி, சோடியமும் பொட்டாசியமும் கார்ட்டிசாலும் பார்த்து, அவை சரியாக இருந்தால் மூளையின் ஸ்கேனுக்குப் போவது.

12. நாயை வேறு ஒருவரிடம் விட்டுச் செல்லும்போது

ஊருக்குப் போகும் நாட்களில்தான் பல விபத்துகள் நடக்கின்றன. அத்தையோ பக்கத்து வீட்டாரோ அன்போடு பார்த்துக்கொள்வார்கள், ஆனால் சாப்பிடாத நாய்க்கும் மருந்து கொடுத்துவிடுவார்கள். வாயால் சொல்லிவிட்டுப் போவது போதாது. ஒரு முழுத்தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். வேளைக்கு ஒன்றாக, தேதி எழுதிய சிறு உறைகளில் கேப்சூல்களைப் போட்டு வையுங்கள். எந்த உறை காலியாக இருக்கிறது என்று பார்த்தாலே கொடுத்தாயிற்றா என்பது தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டுக் கதவில் ஒட்டியிருந்த தாளில் இருந்தவை இவை மட்டுமே: "காலை 7, மாலை 7. முதலில் பாதிச் சோறு. சாப்பிட்டால் ஒரு கேப்சூல், பிறகு மீதிச் சோறு. சாப்பிடாவிட்டால் கேப்சூல் கிடையாது, உடனே எங்களுக்குப் போன் செய்யவும். வாந்தி, பேதி, நடுக்கம், எழாமல் படுத்திருத்தல்: கேப்சூல் கிடையாது, ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போகவும். பீரோவின் மேல் தட்டில் உள்ள மஞ்சள் ஃபைலைக் கையில் எடுத்துக்கொள்ளவும்." அதன் கீழே மருத்துவரின் எண், இரவு மருத்துவமனையின் முகவரி, அவளுடைய எடை, கடைசிச் சோதனையின் தேதி.